"அவர்களுக்குப் பழகிவிட்டது" என்று நல்ல மனிதர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி

நாங்கள் இருப்பது பதினோரு மாடிக் கட்டடம், எட்டாவது மாடி. வீட்டுவேலைக்கும் குப்பை எடுக்கவும் வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று கதவுப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ஏழு வருஷமாகத் தினமும் அதன் முன்னால் நிற்கிறேன். அதை ஒருநாளும் நான் வாசித்ததாக நினைவில்லை.

போன மாதம் லிஃப்ட் நான்கு நாள் ஓடவில்லை. கைப்பை ஒன்றுதான் என் சுமை. அதற்கே மூச்சு வாங்கியது. ஐந்தாவது மாடித் திருப்பத்தில் குப்பை எடுக்க வரும் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு வாளி. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். வாளிக் கம்பி அழுத்தி, விரல்களின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. "முட்டி வலிக்குதா அக்கா?" என்றேன். "ஏறும்போது தெரியலம்மா, சுமையோட இறங்கும்போதுதான்" என்றார்.

அந்த நான்கு நாளும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு முழுக்கப் புகார்தான். "மனுஷன் ஏறுற படியா இது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் கோபமாக இரண்டு வரி போட்டேன். லிஃப்ட் சரியானதும், அந்தப் பலகையை எடுத்துவிடலாமே என்று எழுதினேன். வந்தது ஒரே ஒரு பதில்: "அவர்களுக்குப் பழகிவிட்டது."

எழுதியவர் கெட்டவர் இல்லை. என் அப்பா குளியலறையில் விழுந்த இரவில் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து தூக்கியவர் அவர்தான். அதனால்தான் கேட்கிறேன், இது எப்படி நடக்கிறது? ஏழு வருஷம் என் கண்ணில் அது எப்படிப் படாமல் போனது?

பதில் 1

நான் உளவியல் சொல்லிக்கொடுக்கிறவன். 1966இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பெண் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின் அதிர்ச்சி தரப்படுவதை மாணவிகள் திரையில் பார்த்தார்கள். நிஜ அதிர்ச்சி இல்லை, நடிப்பு. ஆனால் பார்த்தவர்களுக்கு அது தெரியாது. அதை நிறுத்த வழி கொடுத்தபோது பெரும்பாலோர் நிறுத்தச் சொன்னார்கள். வழியே இல்லை, இன்னும் தொடரும் என்றபோது, அடிபடுகிற அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட்டார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த முதல் பாதி. முதலில் மனசு உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தலோடு வாழ முடியாமல் காரணம் தேடுகிறோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய வரியும் அப்படிப் பிறந்ததாகத்தான் இருக்கும். என்ன வித்தியாசம் என்றால், அவருக்கு நிறுத்த வழி இருக்கிறது. ஒரு பலகை, நாலு திருகாணி.

பதில் 2

இருபது வருஷமாகச் செவிலியர் வேலை. "பழகிவிட்டது" என்பதை நானே சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். மூட்டை தூக்குகிற ஒருவருக்குத் தீக்காயக் கட்டு மாற்றினேன். சத்தமே இல்லை. உழைத்துக் காய்த்த உடம்பு, தாங்கும் என்று நினைத்துக்கொண்டு வேகமாகப் பிரித்தேன். முடித்து நிமிர்ந்தால், அவர் வாயில் துண்டு. கடித்த இடம் நனைந்து கிழிந்திருந்தது.

அமெரிக்காவில் வெள்ளை இன மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் வைத்து ஓர் ஆய்வு 2016இல் வந்தது. கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது அவர்களில் பாதிப் பேர் ஓரளவு நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். படித்துவிட்டு இரவு தூங்கவில்லை. இப்போது வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் கேட்பேன். சொன்ன எண்ணை அப்படியே எழுதுவேன். முகத்தைப் பார்த்து நானாகக் குறைப்பதில்லை.

பதில் 3

மனசைப் பற்றியே பேசினால் போதாது. 1912இல் டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பயணிகளில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவர்தான். உயிர்காக்கும் படகுகள் மேல்தளத்தில், மூன்றாம் வகுப்பு கீழே. வகுப்புகளுக்கு நடுவே தடுப்புகள் வேறு. யார் படகுக்குச் சீக்கிரம் வர முடியும் என்பது கப்பல் கட்டும்போதே பாதி முடிவாகிவிட்டது.

உங்கள் படிக்கட்டும் அப்படித்தான். அதற்குக் கதவு இருக்கும், அது மூடியே இருக்கும். நீங்கள் பார்க்காததற்கு அது ஒரு காரணம். அந்தப் பலகையை யார், எந்தக் கூட்டத்தில் வைத்தார்கள் என்று பதிவேட்டில் தேடுங்கள். அடுத்த கூட்டத்தை அந்த ஐந்தாவது மாடித் திருப்பத்தில் வையுங்கள்.

கேட்டவர்

தேடினேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கூட்டம், ஒரே வரி: "லிஃப்டில் வாடை வருகிறது." யாரும் மறுத்ததாகப் பதிவில்லை. நாங்கள் குடிவருவதற்கு முன்னால் நடந்தது என்று ஒரு நிமிஷம் ஆறுதல்பட்டேன். அப்புறம், என் வீட்டுக் குப்பையும் அந்த வாளியில்தானே இருக்கிறது என்று உறைத்தது.

பலகையை எடுக்கக் கோரி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து கேட்டேன். நாற்பத்து நான்கு வீட்டில் பதினான்கு. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் போடவில்லை. நாளை மறுபடி கேட்பேன், இந்த முறை அந்தக் கைகளைப் பற்றிச் சொல்வேன்.

இன்று காலையில் லிஃப்டைத் திறந்து பிடித்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். "வேணாம்மா, அப்புறம் என்னைத்தான் கேப்பாங்க." ஒரு வாளியை நான் வாங்கிக்கொண்டேன். எட்டு மாடியும் இறங்கினோம். மூன்றாவது மாடியில் கை மாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.