ஜோங்கா பம்பர்ல பழைய ராணுவ நம்பர் வெளிய வந்திருக்கு, அப்படியே விட்டு ஓட்டலாமா?

குடியாத்தம் ஜோங்கா:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது 89 மாடல் நிசான் ஜோங்கா ஜீப், மிலிட்டரி டிஸ்போசல், அதாவது ராணுவம் கழிச்சு விட்ட வண்டி. ஏலத்துல எடுத்தவர்கிட்ட இருந்து ரெண்டு கை மாறி வந்தது. ஆர்சி என் பேர்ல, டி.என் 23 நம்பர், இன்சூரன்ஸும் இருக்கு.

இப்ப பாடி வேலை ஓடுது. முன் பம்பரைக் கழட்டி வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சப்ப மேல இருந்த சில்வர் போச்சு, அடியில பச்சை, அதுக்கும் அடியில ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டையில வெள்ளை பெயிண்ட்ல கையால எழுதின நம்பர். மேல பார்த்த அம்பு, 89, ஒரு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில இன்னொரு எழுத்து. 8-ஓட வளைவுல பிரஷ்ஷோட மயிர் ஒண்ணு பெயிண்ட்டோட ஒட்டிக் காஞ்சு கிடக்கு. அதுக்கு மேல தேய்க்க மனசு வரல.

என் சந்தேகம் இதுதான். இந்த நம்பரை பம்பர்ல அப்படியே வெச்சுட்டு, டி.என் நம்பரைச் சின்னதா கீழ தொங்கவிட்டு ஓட்டலாமா? ஆர்சி புதுப்பிக்கிற நேரம் வேற வந்துடுச்சு, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி வண்டியை நிறுத்தணும். பாடிக்கு ஆலிவ் கிரீன் கலக்கி வாங்கி வெச்சிருக்கேன்.

வாலாஜா ஜீப்காரன்:

ஜோங்காவா, சூப்பர் பங்காளி! நானும் பார்த்திருக்கேன், பெங்களூரு ரோட்ல அம்பு போட்ட ஜீப் எத்தனையோ போகுது. நம்ம பக்கம் யாரும் கேக்க மாட்டாங்க. அப்படியே விடுங்க, கெத்தா இருக்கும்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

தம்பி, அந்த ஜீப்ல பாதி நிஜமாவே பட்டாளத்து வண்டியா இருக்கும். மீதிப் பேர் மாட்டல, அவ்வளவுதான்.

நான் ஈ.எம்.ஈ-ல, அதாவது ராணுவத்தோட வண்டி ரிப்பேர் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன். நீ பார்த்ததை நாங்க பி.ஏ நம்பர்னு சொல்வோம். அந்த அம்பு வெள்ளைக்காரன் காலத்துல அரசாங்கச் சொத்துக்குப் போட்ட முத்திரை, நம்ம ராணுவமும் அதையே வெச்சுக்கிச்சு. பக்கத்துல இருக்கிற ரெண்டு இலக்கம் வண்டி வாங்கின வருஷம். உன் வண்டி 89-னு அதுவே சொல்லுது, ஆர்சி-யோடயும் பொருந்துது. நல்ல விஷயம்.

ஆனா அது அரசாங்கம் அந்த வண்டிக்குக் கொடுத்த அடையாளம். கண்டம் பண்ணி ஏலத்துக்கு விட்ட அன்னிக்கே முடிஞ்சு போச்சு. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருக்கோம், ரிட்டயர் ஆனதும் ஐ.டி கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டுத்தான் வர்றோம். வண்டிக்கும் அதே கதைதான்.

காட்பாடி வக்கீல்:

ஹவில்தார் சார் சொன்னதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 60. பாதுகாப்பு வேலைக்கான மத்திய அரசு வண்டியைத் தனி அதிகாரி பதிவு பண்ணி நம்பர் கொடுக்கலாம், அது மத்திய அரசு சொத்தா இருக்கிற வரைக்கும் வேற பதிவு வேண்டாம். அந்த வேலையில இருந்து வண்டி விலகிட்டா 39, 40-வது பிரிவுகள் வந்துடும், அதாவது சாதாரண ஆர்.டி.ஓ பதிவு. 39-ல வண்டி பதிவாகி இருந்தா மட்டும் போதாது, பதிவு நம்பர் விதிப்படி தெரியவும் வேணும். அது இல்லாம ஓட்டினா 192-வது பிரிவு, முதல் தடவையே 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். "சின்னதா கீழ தொங்கவிடறது" ஆகாது. எழுத்து அளவுக்கே தனி விதி இருக்கு, தனியார் வண்டின்னா வெள்ளையில கறுப்பு எழுத்து.

அம்பு நம்பரோட பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டறீங்கன்னு வையுங்க. ராணுவ வண்டிக்கு டோல் விலக்கு 1901-லயே சட்டமா வந்தது. நீங்க காசு கட்டிட்டே போனாலும், நிறுத்தினவர் கண்ணுக்கு டோலை ஏமாத்தற ஆளாத்தான் தெரிவீங்க. நம்மளைப் படைவீரர்னு மத்தவங்க நம்பணும்னே படையோட உடையையோ அடையாளத்தையோ பயன்படுத்தினா பாரதிய நியாய சன்ஹிதா 168 இருக்கு. உங்க நோக்கம் அது இல்லைன்னு எனக்குத் தெரியுது, ரோட்ல நின்னு அதை நிரூபிக்கிற நிலைமை எதுக்கு?

ஆரணி பெயிண்டர்:

எல்லாரும் நம்பரையே பேசறீங்க. அண்ணா, அந்த ஆலிவ் கிரீன் டப்பாவைத் திறந்துட்டீங்களா? மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121-ஐப் பாருங்க. பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேற எதுக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. நம்பரைத் துணி போட்டு மறைச்சுடலாம், வண்டி முழுக்க அடிச்ச கலரை எங்க மறைப்பீங்க? அந்தக் கலரோட இன்ஸ்பெக்ஷனுக்குப் போனா முதல் பார்வையிலயே பேச்சு ஆரம்பிச்சுடும்.

மணல் கலர் அடிங்க, இல்லைன்னா சாம்பல். ஜோங்காவோட அந்தச் சதுர முகத்துக்கு மணல் கலர் பிரமாதமா எடுக்கும். எந்தக் கலரா இருந்தாலும் ஆர்சி-ல ஏத்திடுங்க.

வாலாஜா ஜீப்காரன்:

அப்ப வின்டேஜ்ல பதிவு பண்ணிட்டா? அதுக்குத்தான் தனி வி.ஏ நம்பர் வந்திருக்கே. அதுல பழைய நம்பரையே வெச்சுக்கலாமாமே.

காட்பாடி வக்கீல்:

2021-ல வந்த விதி அது. வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்கணும், 89 மாடலுக்கு 2039 வரைக்கும் பேச்சே இல்லை. பழைய நம்பர்னு அதுல சொல்றது ஏற்கெனவே இருக்கிற ஆர்.டி.ஓ பதிவு நம்பரை, பி.ஏ நம்பரை இல்லை. புதுசாப் பதிவு பண்ண 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் இந்த மாதிரி வேலைக்குத்தான் ரோட்ல இறக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணியிருந்தாலும் தள்ளிடுவாங்க. ஆமா, உங்க வண்டியில இன்ஜின் எது? ஜோங்காவுல பாதிக்கு மேல டீசல் மாத்தினதைத்தான் நான் பார்க்கிறேன்.

குடியாத்தம் ஜோங்கா:

கம்பெனி பெட்ரோல் சிக்ஸ் சிலிண்டரேதான் சார். மைலேஜ் மட்டும் கேக்காதீங்க.

பெயிண்டர் அண்ணா சொன்னதுதான் இடி. டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன்னுட்டார், கலக்கின பெயிண்ட்டாம். வீட்டு இரும்பு கேட்டுக்குத்தான் அடிக்கணும் போல. சரி, மணல் கலருக்கே போறேன். டி.என் நம்பர் பம்பர் நடுவுல, பின்னாடியும் முழு அளவுல வந்துடும். ஆனா பம்பரோட இடது ஓரத்துல இருக்கிற அந்தக் கறுப்புப் பட்டையை அழிக்க எனக்கு இஷ்டம் இல்லை. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

அழிக்க வேண்டாம். பட்டாளத்துல கான்வாய் வண்டிகள்ல போர்டை மறைக்க கேன்வாஸ் மடல் கட்டுவோம். அதே மாதிரி பட்டை அளவுக்கு ஒரு மடல் தைச்சு, நாலு மூலையிலயும் ஐலெட் போட்டு, பம்பர் பின்னாடி கட்டிடு. ஓட்டும்போது மூடியே இருக்கணும். வீட்டு வாசலுக்குள்ளயோ கண்காட்சி நடக்கிற மைதானத்துலயோ நிறுத்தின பிறகு தூக்கிக் காட்டு. இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மூடி வெச்சாலும் அவர்கிட்ட நீயே முதல்ல சொல்லிடு. அவர் வேண்டாம்னா பம்பரையே மாத்திப் போட்டுட்டு, இதை வீட்டுச் சுவத்துல மாட்டிக்கோ. ஜோங்கா பம்பர் கிடைக்காத சாமான் இல்லை.

இன்னொண்ணு. ஏலத்துல கொடுத்த விற்பனைச் சான்று நகல் உன்கிட்ட இருக்கா? ராணுவ வண்டியை முதல்ல ஆர்.டி.ஓ-ல பதிவு பண்ணும்போது அதோட ஒரிஜினலைக் கேப்பாங்க. பி.ஏ நம்பரும் சேஸி நம்பரும் ஒரே தாள்ல இருக்கிற காகிதம் அதுதான். பம்பர்ல இருக்கிறது இந்த வண்டியோட நம்பர்தானா, இல்லை வேற ஜோங்காவோட பம்பரா வந்து சேர்ந்ததான்னு அதை வெச்சுத்தான் தெரியும். டிஸ்போசல்ல சாமான் கலந்து போறது சகஜம்.

குடியாத்தம் ஜோங்கா:

ஐயோ, அது எனக்குத் தோணவே இல்லை ஐயா. பழைய ஓனர் கொடுத்த ஃபைல்ல ஒரு மங்கின ஜெராக்ஸ் இருக்கு, ராத்திரி தேடிப் பார்க்கிறேன். பட்டை மேல கிளியர் கோட், அதான் நிறமில்லாத பூச்சு, அடிக்கலாமா? ஓரமெல்லாம் செதில் செதிலா வருது.

ஆரணி பெயிண்டர்:

தின்னர் பக்கமே போகாதீங்க அண்ணா, வெள்ளை எழுத்து கரைஞ்சு ஓடிடும். சோப்புத் தண்ணியில மெதுவா ஒத்தி எடுத்து, ஒரு நாள் நிழல்ல காயவிடுங்க. முதல்ல வெறும் கறுப்பு இருக்கிற மூலையில மேட் கிளியர் லேசா அடிச்சு மறுநாள் வரைக்கும் பாருங்க. சுருங்கலைன்னா மொத்தமா ரெண்டு மெல்லிசு கோட். வேலூர் வெயில்ல மத்தியானம் அடிச்சா கொப்புளம் போடும், காலையில ஏழு எட்டு மணிக்குள்ள முடிச்சுடுங்க. அதுக்கு முன்னாடி பட்டர் பேப்பர் வெச்சு நம்பரை ஒரு டிரேஸ் எடுத்துக்கோங்க.