விர்ட்டஸ் ஜிடி: தினமும் ஓட்ட 1.0 ஆட்டோமேட்டிக்கா, 1.5 மேனுவலா, 1.5 டிஎஸ்ஜியா?

மேடவாக்கம்88:

வணக்கம். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் கார் எடுப்பது முடிவாகிவிட்டது, எந்த வேரியன்ட் என்பதில்தான் இழுபறி. கடைசியில் மூன்று நிற்கிறது: ஜிடி லைன் 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக், ஜிடி பிளஸ் ஸ்போர்ட் 1.5 மேனுவல், ஜிடி பிளஸ் ஸ்போர்ட் 1.5 டிஎஸ்ஜி. (1.0, 1.5 என்பது லிட்டரில் இன்ஜின் அளவு; டிஎஸ்ஐ என்றால் டர்போ பெட்ரோல் இன்ஜின்; டிஎஸ்ஜி என்றால் இரட்டைக் கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக்.)

ஓட்டம் இப்படி: வாரம் ஐந்து நாள் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக சிறுசேரி. ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ வேலை நடக்கும் நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததே. அடுக்ககத்தில் பேஸ்மென்ட் பார்க்கிங், ரேம்ப் செங்குத்து. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்காடு அல்லது கொடைக்கானல், நாலு பேர், பெட்டிகளோடு. எட்டு வருஷமாவது வைத்திருப்பேன். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி சக்தியைக் கூட்டுவது) ஆசை கொஞ்சம் உண்டு. எதை எடுக்கலாம்?

டார்க்_பிரியன்:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜிடி லைன் என்பது உடுப்பு மட்டும்தான். கறுப்பு அலாய், கறுப்பு கிரில் எல்லாம் போட்டிருப்பார்கள். பானெட்டைத் திறந்தால் மற்ற வேரியன்ட்டுகளான ஹைலைன், டாப்லைனில் இருக்கும் அதே மூன்று சிலிண்டர் 999 சிசி, 115 பிஎஸ் சக்தி, 178 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்). ஜிடி பிளஸ்ஸில் இருப்பது வேறு இன்ஜின்: நாலு சிலிண்டர், 1498 சிசி, 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். அந்த 250-உம் 1600 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைக்கிறது. தினசரி ஓட்டத்துக்கு 150 என்ற எண்ணைவிட இந்த 1600 என்ற எண்தான் முக்கியம். ஜீரோவிலிருந்து நூறு ஏறக்குறைய 9 நொடி என்பதெல்லாம் ஓஎம்ஆரில் எதற்கு?

அதனால் 1.0 ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று முடிவானால், ஜிடி லைனை டாப்லைன் 1.0-வோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று வரும் சீட் டாப்லைனில் உண்டு. உள்ளே முழுக் கறுப்பு, மேலே சன்ரூஃப் என்றால் சித்திரை வெயிலில் அந்த சீட்டின் அருமை தெரியும். எந்த வேரியன்ட்டில் எது இருக்கிறது என்பதை வருஷத்துக்கு வருஷம் மாற்றுகிறார்கள். நீங்கள் எடுக்கும் மாடல் ஆண்டின் பிரோஷரைக் கையில் வைத்துக்கொண்டு சேல்ஸ்மேனிடம் பேசுங்கள்.

சிவப்புக் காலிப்பரை (டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும் பாகம்) பார்த்து மயங்க வேண்டாம். அது பெயின்ட். பின்னால் எல்லா வேரியன்ட்டிலும் டிரம் பிரேக்தான். டயர் அளவு 205/55 ஆர்16, பின் சஸ்பென்ஷன் டார்ஷன் பீம். ஆக, வேரியன்ட் மாறினால் நிஜமாக மாறுவது இன்ஜினும் கியர்பாக்ஸும்தான்.

உங்கள் ஓட்டத்துக்கு என் ஓட்டு 1.0 ஆட்டோமேட்டிக்குக்கு. அதில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வைத்த 6 ஸ்பீடு. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில் சுழல்கிறது. ஊர்ந்து போகும்போது சூடானாலும் அந்தச் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். 1.0 டிஎஸ்ஐயில் 1700, 1800 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ தூங்கும், இழுவை வராது என்ற பெரிய குறையையும் கன்வர்ட்டர் ஓரளவு மறைத்துவிடுகிறது, ஏனென்றால் கிளம்பும்போது டார்க்கைப் பெருக்கிக் கொடுப்பது அதன் இயல்பு. அதே 1.0-வை மேனுவலில் ஓட்டினால் ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இரண்டாம் கியரில் மிதிக்கும்போது ஒன்றுமே நடக்காது.

மூணாவது_கியர்:

மேலே சொன்ன நண்பர் நகரத்துக்குச் சொன்னது சரி. மலையை விட்டுவிட்டார். நாலு பேர், பெட்டிகள், ஏசி ஆன். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வேகம் 15-க்கு இறங்கும், ஆர்பிஎம் 1500-க்குக் கீழே விழும். 1.0 ஆட்டோமேட்டிக் அங்கே கீழ் கியரைத் தேடி, ஒரு கணம் யோசித்து, பிறகுதான் இழுக்கும். எஸ் (ஸ்போர்ட்) மோடில் போட்டால் பரவாயில்லை, ஆனால் சத்தம் கூடும். 1.5 அதே வளைவை இரண்டாம் கியரில் அலட்டாமல் ஏறும்.

நெடுஞ்சாலையில் இன்னொரு வித்தியாசம். 1.5-இல் ஏசிடி என்ற வசதி உண்டு. லேசாக மிதித்து 80, 90-இல் சீராகப் போகும்போது 2-ஆம், 3-ஆம் சிலிண்டர்களை அணைத்துவிட்டு இரண்டே சிலிண்டரில் ஓடும். அதனால் பெரிய இன்ஜின் என்றால் அதிகம் குடிக்கும் என்ற பயம் இங்கே செல்லாது. திண்டிவனம் பக்கம் சீராக ஓட்டினால் 1.5 இன்ஜின் ஒரு லிட்டருக்கு 16 முதல் 18 கிமீ கொடுக்கும், 1.0 ஆட்டோமேட்டிக் அதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். நகர நெரிசலில் இரண்டும் 9, 10, 11 என்றுதான் நிற்கும்.

என் தேர்வு 1.5 மேனுவல். கீழ் ஆர்பிஎம்மிலேயே டார்க் இருப்பதால் நெரிசலில் கிளட்சை முழுக்க விட்டுவிட்டு முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஊரவிடலாம். குறை என்னவென்றால் கிளட்ச் பெடல் ரொம்ப தூரம் போகிறது. சீட்டை முன்னே இழுத்து, உயரத்தைக் கூட்டி, பெடல் முழுக்க அமுங்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் டெஸ்ட் டிரைவ் எடுத்துவிட்டு கிளட்ச் கனம் என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

மேடவாக்கம்88:

நன்றி. ரேம்ப் பற்றி ஒரு விவரம் விட்டுவிட்டேன். எனக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. காலையில் வெளியே வர ரிவர்ஸிலேயே ரேம்ப் ஏற வேண்டும், பாதியில் வாட்ச்மேன் நிறுத்தச் சொன்னால் நின்று கிளம்ப வேண்டும். டிஎஸ்ஜி இதற்கு ஒத்துவருமா?

ஸ்பேனர்_பட்டறை:

தம்பி, இதை முதல்லயே சொல்லியிருக்கணும். இந்த ஒரு விஷயம் மத்த எல்லாத்தையும் விடப் பெருசு.

விர்ட்டஸ்ல வர்றது டிகியூ200ங்கிற டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ஏழு ஸ்பீடு, ரெண்டு கிளட்ச், ரெண்டுமே டிரை. அதாவது கிளட்ச் பிளேட்டைக் குளிர வைக்க ஆயில் கிடையாது, காத்துதான். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியருக்கு. இன்னொண்ணு 2, 4, 6, அதோட ரிவர்ஸுக்கும். ரிவர்ஸ்ல செங்குத்து ஏறுறப்ப அந்த ரெண்டாவது கிளட்ச் பாதி பிடிச்சு பாதி வழுக்கிட்டே வரும். அங்க இருந்து நேரா ஓஎம்ஆர். அங்க 8, 10 கிமீ வேகத்துலயே பாக்ஸ் ரெண்டாம் கியருக்குத் தாவும், திரும்ப அதே கிளட்ச்தான் வழுக்கும். காலைல ரேம்ப்ல சூடானது ஆறுறதுக்குள்ள மறுபடி சூடு.

டிஎஸ்ஜிதான் வேணும்னு இருந்தா ஓட்டுற பழக்கத்தை மாத்திக்கணும்:

ரேம்ப்ல ஆக்சிலரேட்டரால வண்டியைப் பிடிச்சு நிறுத்தாதீங்க. நிக்கணும்னா பிரேக். ஹில் ஹோல்டு (ஏத்தத்துல வண்டி உருளாம தானா பிடிக்கிற வசதி) ரெண்டு நொடிதான் பிடிக்கும். அதுக்கு மேல நின்னா ஹேண்ட்பிரேக் போடுங்க. விர்ட்டஸ்ல கைப்பிடி ஹேண்ட்பிரேக்தான், நின்னதும் தானா பிரேக் பிடிச்சு வைக்கிற ஆட்டோ ஹோல்டு கிடையாது. கீழ நின்னு மேல வழி கிளியரான்னு பார்த்துட்டு ஒரே மூச்சுல ஏறிடுங்க.

நெரிசல்ல முன்னாடி வண்டி அரை அடி நகர்ந்தா நீங்களும் அரை அடி நகராதீங்க. ஒரு கார் நீளம் இடம் விழட்டும், அப்புறம் போய் முழுசா நில்லுங்க. நிக்கறப்ப பிரேக்கை அழுத்தி மிதிங்க. அழுத்தினாதான் கிளட்ச் முழுசா விடும். லேசா தொட்டு வச்சிருந்தா உள்ள உரசிட்டே இருக்கும். சிக்னலுக்கு சிக்னல் நியூட்ரல் போடுறது தேவையில்லாத வேலை. ஊர்ந்துட்டே போகணும்னா லீவரை மேனுவல் பக்கம் தள்ளி முதல் கியர்லயே வச்சுக்கோங்க, இல்லைன்னா எஸ் மோடு.

பார்க் பண்றப்ப வரிசை: பிரேக், நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிரேக்கை விட்டு வண்டி ஹேண்ட்பிரேக்ல உக்காரட்டும், மறுபடி பிரேக் மிதிச்சு பி (பார்க்). நேரா பி போட்டா சரிவுல மொத்த வெயிட்டும் உள்ள இருக்கிற சின்ன லாக்கு மேல தொங்கும். எடுக்கறப்ப ‘டக்’னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது அதான்.

கெட ஆரம்பிச்சா எப்படித் தெரியும்? 1-லேருந்து 2-க்குப் போறப்ப உடம்பு நடுங்குற மாதிரி அதிர்வு. ரிவர்ஸ் எடுக்கறப்ப குதிப்பு. நின்னு கிளம்பறப்ப ஒரு திணறல். இந்த நிலைமையில பெரும்பாலும் கம்ப்யூட்டர் மாட்டி கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கிற இடத்தைத் திரும்பக் கத்துக்க வைக்கிறது) பண்ணினாலே சரியாகும். மீட்டர்ல கியர்பாக்ஸ் எச்சரிக்கை வந்து, ஒத்தைப்படை கியர் மட்டும் அல்லது இரட்டைப்படை மட்டும் விழுந்தா மெகட்ரானிக் (கியர்பாக்ஸை இயக்குற கட்டுப்பாட்டு யூனிட்) பக்கம் போகும். அதை மாத்தினா லட்சத்துக்குக் குறையாது. எட்டு வருஷம் வச்சிருக்கிற ஆள் டிஎஸ்ஜி எடுத்தா எக்ஸ்டெண்டட் வாரண்டியை வண்டி வாங்குறப்பவே போட்டுடணும்.

ரீமேப்: டிகியூ200 தாங்குற அளவே 250 நியூட்டன் மீட்டர். உங்க 1.5 கம்பெனில இருந்து வர்றதே 250. மிச்சம் என்ன இருக்கு? ரீமேப் பண்ணினது சர்வீஸ் கம்ப்யூட்டர்ல தெரிஞ்சா வாரண்டியும் கேள்விக்குறி. மேனுவல்ல பண்ணலாம், ஆனா மூணாம் கியர்ல முழுசா மிதிச்சா வேகம் ஏறாம ஆர்பிஎம் மட்டும் ஏறும், கிளட்ச் ஸ்லிப். அது மாத்துற செலவு டிஎஸ்ஜி கிளட்ச்ல ஒரு சின்னப் பங்குதான்.

மேனுவலுக்கும் அந்த ரேம்ப் சும்மா இல்லை. ரிவர்ஸ்ல கிளட்சைப் பாதியில வச்சு ஏறினா கருகின வாசனை வரும். ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடம் வந்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்க, கிளட்சைச் சீக்கிரம் முழுசா விட்டுடுங்க. டார்க் கன்வர்ட்டர்ல இந்தக் கதையெல்லாம் இல்லை. அந்த ஆயிலை 60,000 கிமீக்கு ஒருதரம் மாத்துங்க, ‘லைஃப்டைம்’ ஆயில், மாத்தவே வேண்டாம்னு சொன்னாலும்.

கணக்குச்சிட்டை:

பணப் பக்கம் யாரும் தொடவில்லை என்பதால் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையான காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். அதனால் இரண்டு வேரியன்ட்டுக்கு நடுவே எக்ஸ்-ஷோரூம் விலையில் (வாழ்நாள் வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) 2 லட்சம் வித்தியாசம் என்றால், ஆன்-ரோடில் அது குறைந்தது 2,36,000. இன்சூரன்ஸில் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பங்கும் விலையோடு ஏறும். மூன்றாம் தரப்புப் பிரீமியம் சிசி கணக்கில்: 1000 சிசி வரை மூன்று வருஷத்துக்கு 6,521, அதற்கு மேல் 1500 வரை 10,640. 999 சிசி கீழ்ப்படியில், 1498 சிசி நடுப்படியில். பெரிய தொகை இல்லை, ஆனால் கொட்டேஷனில் 1.0-வுக்கு மேல்படிப் பிரீமியம் போட்டிருந்தால் பிடித்துவிடலாம். சின்ன இன்ஜினுக்கு ஜிஎஸ்டி சலுகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; 18 சதவீதத்துக்கு 1200 சிசிக்குள் இருந்தால் மட்டும் போதாது, நீளமும் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். விர்ட்டஸ் 4,561 மில்லிமீட்டர். இரண்டு இன்ஜினுக்கும் 40 சதவீதம்தான்.

டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு என்று முடிக்காதீர்கள். வண்டியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். மாலை 6 மணிக்கு வரச் சொல்லி, நாலு பேரை ஏற்றி, உங்கள் இடத்திலிருந்தே ரிவர்ஸில் ரேம்ப் ஏற்றுங்கள். பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். ரேம்ப்பின் உச்சியில் அடி தட்டுகிறதா என்றும் பாருங்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மில்லிமீட்டர் என்பது காலி வண்டிக்கு. ஆள் ஏறினால் குறையும். பிறகு அப்படியே மேடவாக்கம் ஜங்ஷன் நெரிசலில் அரை மணி நேரம். ஸ்டார்ட்-ஸ்டாப்பை (வண்டி நின்றதும் இன்ஜினைத் தானே நிறுத்தும் வசதி) அணைத்துவிட்டு ஒருமுறை, அணைக்காமல் ஒருமுறை. அது இன்ஜினை நிறுத்தும்போது ஏசி காற்று வெதுவெதுப்பாகும். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் அந்தப் பட்டனை அமுக்க வேண்டியிருக்கும்.

மேடவாக்கம்88:

டிஎஸ்ஜியை அடித்துவிட்டேன். 1.0 ஆட்டோமேட்டிக்கும் 1.5 மேனுவலும் இரண்டையும் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். 1.0 எடுத்தால் மலை இறக்கத்தில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

மூணாவது_கியர்:

இறக்கத்தில் டி-யில் (டிரைவ்) விடாதீர்கள், மேல் கியருக்குப் போய்விடும், முழு வேலையும் பிரேக் தலையில் விழும். மேனுவல் பக்கம் தள்ளி 2 அல்லது 3-இல் வையுங்கள்; ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய கணக்கு இதற்கும் பொருந்தும். வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே ஒருமுறை அழுத்திப் பிரேக் பிடித்து விட்டுவிடுங்கள். தொட்டுக்கொண்டே இறங்கினால் முன் டிஸ்க், பின் டிரம் இரண்டும் சூடேறி, பெடல் அமுங்குவதற்கு ஏற்ற பிடிப்பு கிடைக்காது. நாலு பேர், பெட்டி என்றால் டயர் காற்று முழு லோடு அளவுக்கு இருக்க வேண்டும். அளவு வண்டியிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. காலையில் கிளம்பும் முன், டயர் சூடேறுவதற்குள் பிடியுங்கள்.