ஓம எண்ணெய் குடித்தால் கொக்கிப்புழு சாகுமா?

மலைக்காற்று: பள்ளியில் குடற்புழு நீக்க நாளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "அது விஷம், ஓம எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்" என்று போட்டிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

கொல்லிமலையான்: எரிச்சல் எதுக்கு? ஓமத்துல இருக்கறது தைமால்ங்கற வேதிப்பொருள். 1909ல் தொடங்கின ராக்பெல்லர் ஆணையம் அமெரிக்கத் தென்மாநிலங்கள்ல கொக்கிப்புழுங்கற குடற்புழுவுக்குக் கொடுத்ததும் தைமால்தான். முதல் உலகப்போருக்கு முன்னாடி ஜெர்மனிக்காரன் நம்ம ஓமத்தை வாங்கித்தான் அதை வடிச்சான். அவன் கொடுத்தா மருந்து, பாட்டி கொடுத்தா மூடநம்பிக்கையா?

மலைக்காற்று: அளவைச் சொல்லுங்கள். அன்று பெரியவருக்குக் கொடுத்தது 3, 4 கிராம். ஒரு டீஸ்பூன் ஓமம் 2 கிராம் இருக்கும். அதில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம், அதிலும் ஏறக்குறைய பாதிதான் தைமால். 40 மில்லிகிராம் தேறினால் பெரிது.

கொல்லிமலையான்: தைமாலா இல்லையா? அதைச் சொல்லுங்க.

மலைக்காற்று: தைமால்தான். அளவு எங்கே? அந்த 3, 4 கிராமை விழுங்கிவிட்டுப் பேதிக்கு எப்சம் உப்பு குடிக்க வேண்டும். அன்று எண்ணெய், சாராயம் எதுவும் தொடக் கூடாது. தொட்டால் மருந்து குடலில் நிற்காமல் ரத்தத்தில் ஏறி ஆளையே சாய்த்துவிடும். அதை அப்படியே பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ரேணுகா_நாமக்கல்: எங்க நாய்க்கு வேப்பெண்ணெய் தடவினதும் உண்ணி உதிர்ந்துச்சு. குடற்புழு மட்டும் சாகாதா?

பசுபதி: செக்குல ஆட்டற வேப்பெண்ணெயும் ஆவியில வடிக்கற ஓம எண்ணெயும் ஒண்ணா? உண்ணி தோல் மேல இருக்கு, புழு குடலுக்குள்ள இருக்கு. பூனைக்கு டீ ட்ரீ எண்ணெய் தடவச் சொன்னவங்கதானே நீங்க? அது நடுங்கி, நிக்க முடியாமக் கிடந்துச்சு.

ரேணுகா_நாமக்கல்: அந்தப் பூனையை இன்னும் எத்தனை நாள் இழுப்பீங்க? நான் ஒரு சொட்டுன்னுதான் சொன்னேன். பாட்டிலைக் கவுத்தது உங்க கை.

பசுபதி: ஒரு சொட்டுன்னு எங்க எழுதினீங்க? காட்டுங்க.

கொல்லிமலையான்: பூனையை விடுங்க. தேனீப் பெட்டியில வரோவா உண்ணிக்கு இன்னிக்கும் தைமால்தான் வைக்கறாங்க. அப்ப தைமால் கொல்லுது. ஒத்துக்கிட்டீங்களா?

மலைக்காற்று: அங்கே ஆவியாகிப் பெட்டி முழுக்க நிறையும். பிள்ளை வயிறு தேன்கூடு இல்லை. இரண்டு வயது தாண்டினால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை, மென்று விழுங்கினால் ஆயிற்று. இதில் என்ன விஷம் கண்டீர்கள்?

கொல்லிமலையான்: கேட்டதுக்குப் பதில் வரல. தைமால் கொல்லுமா, கொல்லாதா?

மலைக்காற்று: எத்தனை கிராம்?