வேப் பழக்கத்தைக் கைவிட்டவர்களின் அனுபவப் பகிர்வு

ஹரோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

பன்னிரண்டு ஆண்டுகள் சிகரெட் புகைத்தவன் நான். அதை விடுவதற்காகவே 2020 இல், நிக்கொட்டின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின்சிகரெட்டான வேப்புக்கு மாறினேன். சிகரெட்டை மீண்டும் தொடவில்லை என்பதில் இன்றும் எனக்கு நிறைவு உண்டு. ஆனால் சிகரெட்டுக்கு இருந்ததைவிட வேப்புக்கு அதிகமாக அடிமைப்பட்டிருந்தேன் என்பதை மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். சிகரெட் எரிந்து முடிந்துவிடும். குளிரில் வெளியே நின்று புகைத்து, அணைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். வேப்புக்கு அப்படி ஒரு முடிவே இல்லை. படுக்கையில், காரில், குளியலறையில், மகளின் பாடசாலை வாசலில் காத்திருக்கும் நேரத்தில் என்று, எத்தனை தடவை இழுத்தோம் என்ற கணக்கே இல்லாமல் போய்விடுகிறது. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அதன் மின்கலம் செயலிழந்தபோது, படுக்கை உடுப்புடனேயே மழையில் காரை ஓட்டிச் சென்று, பெற்றோல் நிலையத்தின் சிறிய சாளரத்துக்கு முன்னால் நனைந்தபடி நின்று புதியது ஒன்று வாங்கினேன். கைகள் நடுங்கியதால் அதன் உறையை என்னால் கிழிக்க முடியவில்லை. பல்லால் கடித்துத்தான் திறந்தேன். இதை விட்டே ஆக வேண்டும் என்று அன்றிரவு எண்ணினேன்.

முதல் தடவை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன். நிக்கொட்டினின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும் என்பதால், முதல் மூன்று நாட்களே மிகவும் கடினமானவை. எரிச்சல், நித்திரையின்மை, எதிலும் மனம் பதியாத தவிப்பு எல்லாம் ஒன்றாக வந்தன. நான்காம் நாள் சிகரெட் வாங்கக் கடைவாசல் வரை சென்றுவிட்டேன். அங்கிருந்து திரும்பி வேறு வழியைத் தேடியது நல்லதாயிற்று. வேப்பை விடப்போய்ச் சிகரெட்டுக்குத் திரும்புவது அதைவிடப் பெரிய கேடு.

இரண்டாம் தடவை, இங்கே பிரித்தானியாவில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டினிலிருந்து 10, பின்னர் 6, பின்னர் 3 என்று சில கிழமைகளுக்கு ஒருமுறை செறிவைக் குறைத்தேன். செறிவு குறைந்ததும் கை அதிக தடவை இழுக்கத் தொடங்கியது. ஆகவே செறிவைக் குறைப்பது மட்டும் போதாது என்று புரிந்தது. வேப்பைத் தோட்டத்துக் கொட்டிலில் பூட்டி வைத்தேன். வேண்டுமென்றால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அங்கே போய், நின்றுகொண்டுதான் இழுக்க வேண்டும். போவதற்கு முன்னர் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். முடிவில்லாத ஒன்றுக்கு நானே ஒரு முடிவை வைத்தேன் என்று சொல்லலாம். ஆசை அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்று பலர் சொல்லிக் கேட்டிருந்தேன். கொட்டிலுக்குப் போகாமலே அந்தப் பத்து நிமிடம் கழிந்த நாட்களில்தான் அதை நம்பினேன். நிக்கொட்டின் இல்லாத திரவத்தில் மூன்று கிழமைகள் இருந்துவிட்டு முழுமையாக நிறுத்தினேன். காரில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் கை இன்னும் தேடும். அதற்காக ஒரு சிறு டப்பாவில் ஏலக்காய் வைத்திருக்கிறேன்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஓர் உறுப்பினர்:

முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்பவள் நான். மருந்தகத்தில் வாங்கிய நிக்கொட்டின் சுவிங்கத்தைச் சாதாரண சுவிங்கம் போலத் தொடர்ந்து மென்றேன். விக்கலும் நெஞ்செரிவும் வந்தனவே தவிர, ஆசை அடங்கவில்லை. அது எனக்கு ஒத்துவரவில்லை என்று எறியப்போன வேளையில்தான், மருந்தாளர் சரியான முறையைச் சொல்லித் தந்தார். காரச் சுவை வரும்வரை மெதுவாக மென்று, பின்னர் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, சுவை குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். நிக்கொட்டின் வாயின் தோல் வழியாகவே உடலில் சேர வேண்டும். விழுங்கினால் பயனில்லை, வயிறுதான் எரியும். கோப்பியும் பழச்சாறும் வாயைப் புளிப்பாக்கி அதைச் சேரவிடாமல் தடுப்பதால், மெல்வதற்கு முன் கால் மணி நேரம் அவற்றைத் தவிர்க்கச் சொன்னார். நானோ ஒவ்வொரு தடவையும் கோப்பிக் கோப்பையோடுதான் மென்றிருந்தேன்! தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டை நாள் முழுவதற்கும், திடீரென எழும் ஆசைக்குச் சுவிங்கம் என்று இரண்டையும் சேர்த்துப் பாவித்த பின்னர்தான் எனக்கு நிம்மதி கிடைத்தது. பட்டையுடன் உறங்கினால் கெட்ட கனவுகள் வந்ததால், படுக்கும் முன் கழற்றிவிடப் பழகினேன்.

லெஸ்டரிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் மகனுக்குப் பதினேழு வயது. அறையில் மாம்பழ வாசனை அடித்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பென்சில் பெட்டிக்குள் வண்ணப் பேனை போலவே கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளை விற்பது 2025 ஜூன் 1 முதல் இங்கே தடைசெய்யப்பட்டதும் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணினேன்; அவன் மீள நிரப்பும் வகைக்கு மாறிக்கொண்டான். நான் ஏசினேன், அழுதேன், அவனுடைய காசையும் நிறுத்தினேன். அவன் மறைக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். பட்டை, சுவிங்கம் போன்ற நிக்கொட்டின் மாற்று மருந்துகளைப் பன்னிரண்டு வயதிலிருந்தே கொடுக்கலாம் என்பதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போது மனம் ஆறவில்லை. இப்போது அவன் பட்டை ஒட்டுகிறான். இன்று எத்தனையாவது நாள் என்று நான் கேட்பதில்லை, அது அவன் கேட்டுக்கொண்டது.

மீண்டும் ஹரோவிலிருந்து:

லெஸ்டர் அக்கா, அவன் இடையில் ஒரு நாள் இழுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்பதாவது நாளில், ஒரு திருமண மண்டபத்தின் பின்வாசலில், நண்பரின் வேப்பை வாங்கி நானும் இழுத்தேன். மறுநாள் காலையில் பத்தாவது நாள் என்றே நாட்காட்டியில் எழுதினேன்.