பொது நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம்: பணியில் இருப்பவருக்கு அது என்ன தரும்?

பேரேடு:
ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 9 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பொது நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டப்படிப்பில் சேரலாமா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறேன். எங்கள் பிரிவின் மூத்தவர் ஒருவர், "கோப்பு கற்றுத் தராததை எந்தக் கல்லூரி கற்றுத் தரப்போகிறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. படித்தவர்களும் படிக்காமலே பணியாற்றியவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோப்புக்கட்டு:
உங்கள் மூத்தவர் சொன்னதையே நானும் சொல்வேன். 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன், நிர்வாகத்தை அரசியலிலிருந்து பிரித்துத் தனி இயலாகப் படிக்க வேண்டும் என்று 1887-இல் எழுதினார். எந்தச் சாலையை முதலில் போடுவது என்று ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்து பாருங்கள்; அந்தப் பிரிவினை முதல் வாரத்திலேயே கரைந்துபோகும். திட்டமிடுதல், அமைத்தல், ஆள் நியமித்தல், நெறிப்படுத்துதல், ஒருங்கிணைத்தல், அறிக்கையிடுதல், வரவு செலவு வகுத்தல் என்று தலைமை அலுவலரின் வேலையை அமெரிக்க நிர்வாக அறிஞர் லூதர் குலிக் 1937-இல் ஏழாகப் பகுத்தார். பத்து ஆண்டுகள் கழிவதற்குள், 1946-இல், இத்தகைய நிர்வாகக் கோட்பாடுகள் பழமொழிகளைப் போல ஒன்றுக்கொன்று எதிராக நிற்பவை என்று ஹெர்பர்ட் சைமன் காட்டிவிட்டார். ஒருவரின் கீழ் குறைவான ஆட்களே இருக்க வேண்டும் என்பது ஒரு கோட்பாடு. படிநிலைகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒவ்வொருவரின் கீழும் ஆட்களைக் குறைத்தால் படிநிலைகள் கூடும்; பிறகு இரண்டையும் ஒரே அலுவலகத்தில் எப்படி நிறைவேற்றுவது? துறையின் பேரறிஞரே இப்படிச் சொன்ன பிறகு, அதைப் படிக்க எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்?

தெளிநீர்:
சைமனைச் சான்றுக்கு அழைத்திருக்கிறீர்கள், ஐயா. அவர் அத்துடன் நிற்கவில்லை. மனிதர்கள் எல்லா வழிகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை, கிடைத்த நேரத்திலும் தகவலிலும் போதும் என்று படுவதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை விளக்கினார். முடிவெடுத்தல் பற்றிய அந்த ஆய்வுகளுக்காகவே 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

நான் 11 ஆண்டுகள் பணியாற்றிய பிறகே இந்தப் பட்டம் படித்தேன். உதவித்தொகைப் பிரிவில் இருந்தபோது, கணவரை இழந்த ஒரு பெண்மணியின் விண்ணப்பம் நான்கு மாதம் கழித்து என் மேசைக்கு வந்தது. அதன் ஓரத்தில் ஆறு சுருக்கொப்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தேதி இருந்தது. எந்த மேசையிலும் அது மூன்று வாரத்துக்கு மேல் கிடக்கவில்லை. குறை சொல்லும்படி யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பெண்மணி நான்கு மாதம் காத்திருந்தார். அன்று எனக்கு முந்தைய மேசைக்காரர் மேல் கோபம் வந்ததே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

வகுப்பில்தான் ஓக்லாந்து நகரத்தின் கதையைப் படித்தேன். 1966-இல் அங்கே 3,000 வேலைகளை உருவாக்க அமெரிக்க மத்திய அரசு 2 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது உருவான வேலைகள் மிகச் சிலவே. பிரஸ்மன், வில்டாவ்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 1973-இல் வெளியிட்ட நூலில், அத்திட்டம் கடக்க வேண்டியிருந்த ஒப்புதல்களை எண்ணினார்கள், 70 வந்தது. ஒவ்வோர் ஒப்புதலும் கிடைக்க நூற்றுக்கு 99 வாய்ப்பு இருந்தாலும், எழுபதும் கிடைப்பதற்கான வாய்ப்பு பாதியை எட்டவில்லை. நம்ப முடியாமல் நானே பெருக்கிப் பார்த்தேன். பணிக்குத் திரும்பியதும் எங்கள் ஆறு சுருக்கொப்பங்களை விதிப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். மூன்றுக்கு எந்த விதியும் இல்லை. அவற்றை நீக்கலாம் என்று குறிப்பு எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். பதினொரு ஆண்டுகளாக அந்தத் தாள்களைத் தினமும் தொட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

கோப்புக்கட்டு:
அந்த விண்ணப்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை உறுத்துகிறது, அம்மா. என் சுருக்கொப்பமும் அப்படிப் பல தாள்களில் ஏறியிருக்கும். ஆனால், அந்த 70 ஒப்புதல்களின் கணக்கை ஒரே மாலையில் படித்துவிடலாம்; அதற்கு இரண்டு ஆண்டும் கல்விக் கடனும் வேண்டுமா? எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பட்டம் பதவி உயர்வுக்கு நிபந்தனையாகும்போது, வேலை தெரிந்தவர் வெளியே நிற்கிறார். பட்டத்தோடு நேராக மேற்பதவிக்கு வந்த ஓர் இளைஞருக்கு, ஒதுக்கிய தொகைக்கும் செலவான தொகைக்கும் ஏன் வேறுபாடு வருகிறது என்று எங்கள் எழுத்தர் மூன்று நாள் உட்கார்ந்து விளக்கினார். அந்த எழுத்தர் கடைசிவரை எழுத்தராகவே ஓய்வு பெற்றார்.

தெளிநீர்:
அந்த எழுத்தருக்கு நடந்தது அநியாயம். அதில் நான் உங்கள் பக்கம்தான். பணி அனுபவமே இல்லாதவர்கள் இந்தப் படிப்புக்கு அவசரப்பட வேண்டாம் என்றும் சொல்வேன். ஆயினும் தனியாகப் படித்து வராத ஒன்று உண்டு, அது திட்ட மதிப்பீடு, அதாவது ஒரு திட்டம் உண்மையில் பலன் தந்ததா என்று ஆராய்வது. சேவை முகப்பில் புதிய டோக்கன் முறை வந்த பிறகு காத்திருக்கும் நேரம் குறைந்தது என்று முன்னும் பின்னும் ஒப்பிட்டு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். "அந்த முறை வராத அலுவலகங்களில் என்ன ஆயிற்று?" என்று ஒரே வரி எழுதி ஆசிரியர் திருப்பித் தந்தார். விசாரித்தேன். அங்கேயும் அதே அளவு குறைந்திருந்தது. அந்தப் பருவத்தில் விண்ணப்பங்களே குறைவு. நம் தவறைப் பக்கத்தில் இருந்து பிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும். புத்தகம் அதைச் செய்யாது.

பேரேடு:
இருவருக்கும் நன்றி. ஆசிரியரின் அந்தக் கேள்வியை நான் எழுதிய எந்த அறிக்கையிலும் கேட்டதில்லை. வேலையை விடாமல் பகுதிநேரமாகச் சேரவே நினைக்கிறேன். அதற்கு முன், புள்ளியியலும் மதிப்பீடும் கட்டாயப் பாடங்களா என்று பாடத்திட்டத்தைப் பார்த்துவிடுகிறேன். கோப்புக்கட்டு ஐயா, எங்கள் பிரிவில் ஒரு செலவுப் பட்டியலுக்கு (பில்லுக்கு) பணம் வழங்கும்வரை எத்தனை சுருக்கொப்பங்கள் விழுகின்றன என்று நாளை எண்ணப்போகிறேன். எவை தேவை என்று நீங்கள் பார்த்துச் சொல்வீர்களா?

கோப்புக்கட்டு:
அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விதி எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.