'பாம் பாம்' பாடுனது யாரு? (நம்ம குடும்பம் குரூப்)

சித்தி: டேய் தம்பி, ரீல்ஸ்ல எதத் தொறந்தாலும் 'பாம் பாம்'னு ஒரு பொண்ணு பாடுதே, யாருடா அது, புதுசா வந்துருக்கா?

தம்பி: புதுசா 😂 சித்தி அது 1982 பாட்டு. சிஸ்டர் நான்சி, ஜமைக்காக்காரங்க, ரெக்கேன்னு அந்த ஊரு மியூசிக்

மாமா: ரெக்கேன்னா பாப் மார்லி தானடா. பொம்பளைங்க பின்னாடி நின்னு கோரஸ் தான பாடுவாங்க

தம்பி: இவங்க கோரஸ் இல்ல மாமா. கிங்ஸ்டன்ல ராத்திரி ஆளுயர ஸ்பீக்கரா அடுக்கி சவுண்ட் சிஸ்டம் போடுவாங்க, ரெக்கார்டுல வெறும் மியூசிக் ஓடும், ஒருத்தர் மைக்கப் புடிச்சு தாளத்துக்கு ஏத்த மாதிரி அங்கயே கட்டி விட்டுப் பாடணும், அவரத்தான் அங்க டிஜேம்பாங்க. எல்லாம் ஆம்பளைங்க ராஜ்ஜியம். இவங்க அண்ணன் பிரிகேடியர் ஜெர்ரி அதுல பெரிய ஆளு, இவங்களும் சின்ன வயசுலயே மைக்கப் புடிச்சிட்டாங்க. கூடப்பொறந்தவங்களோட சேத்து வீட்ல மொத்தம் 15 புள்ளைங்க

சித்தி: 15ஆ!! அவங்கம்மாவ கும்புடணும் மொதல்ல

அக்கா: அந்தப் பாட்டு ஆல்பத்துக்கு ஒண்ணு கொறையுதேன்னு கடைசில பாடுனது தான. ட்யூன் புதுசு இல்ல, ப்ரொட்யூசர் வின்ஸ்டன் ரைலி கிட்ட 70கள்லேர்ந்து இருந்த 'ஸ்டாலக்' ட்ராக். 'பாம் பாம்'ங்கறதும் டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ்ங்கற ஜமைக்கா குரூப் 1966லயே பாடி ப்ரைஸ் அடிச்சது

தம்பி: ஆமாக்கா. அப்புறம் 1996ல நியூ ஜெர்சி போய் பேங்க்ல அக்கவுண்ட்ஸ் வேலைல சேந்துட்டாங்க. மாமா, உங்க டிபார்ட்மென்ட் 😄

மாமா: பேங்க்லயா?? ஊரே பாட்டு கேக்குது, அந்தம்மா ஒக்காந்து கணக்கு டேலி பண்ணுதா. ராயல்டி என்ன வந்துச்சு?

தம்பி: நயா பைசா வரல. 1998ல 'பெல்லி'ன்னு ஒரு படத்துல பாட்ட போட்டாங்க, அப்புறம் ராப் பாடுறவன்லாம் அதுலேர்ந்து வெட்டி வெட்டி எடுத்துக்கிட்டான். 2014ல டிவில ரீபாக் ஷூ விளம்பரம், பின்னாடி ஓடுறது இவங்க குரல். அதுக்கப்புறம் தான் வக்கீலப் பாத்துருக்காங்க

மாமா: 32 வருஷம் கழிச்சா! நம்ம ஊருன்னா கேஸையே எடுத்துருக்க மாட்டான்

அக்கா: ரைலி 2012லயே எறந்துட்டாரு. கடைசில ஆல்பம் உரிமைல பாதி இவங்களுக்கு, போன 10 வருஷத்துக்கான காசும் குடுத்தாங்க

சித்தி: மிச்ச 20 வருஷம்?

அக்கா: போனது போனது தான் சித்தி

மாமா: வட்டி கூட போடலயே பாவிங்க

தம்பி: 2016ல கான்யே வெஸ்ட், 2017ல ஜே-ஸீன்னு அமெரிக்கா ராப்பர்ஸ் ரெண்டு பேரும் அதே பாட்ட எடுத்தாங்க, ஜே-ஸீ வீடியோல இவங்களே வர்றாங்க. பேங்க் வேலைய விட்டுட்டு இப்ப மறுபடி மேடை தான்

சித்தி: ஆல்பம் பேரு என்னடா? அப்படியே எம்பி3யா இங்க அனுப்பி விடு

தம்பி: 'ஒன், டூ'

மாமா: எம்பி3யா? இவ்ளோ நேரம் கதை கேட்டுட்டு நீயும் ஓசிலயா. ஆப்ல கேளும்மா, அந்தம்மாவுக்கு நாலு காசாவது போவும்

சித்தி: அதுல நடுநடுல விளம்பரம் வருமே

மாமா: வரட்டும், பாரு