பைசா கோபுரத்துல ஏறினவங்க இருக்கீங்களா? அனுபவத்தைப் போடுங்க

ஊர்சுத்தி:
போட்டோல பாத்தா தமாஷா இருக்கும், உள்ள ஏறுனா சாய்வை முதல்ல சொல்றது காலுதான். பளிங்குக்கல் சுழல்படி, ஜனங்க மிதிச்சு மிதிச்சு குழி விழுந்து வழவழன்னு கிடக்கு. அதுலயும் தேய்மானம் ஒரே இடத்துல இல்ல, தெக்குப் பக்கம் வர்றப்ப படியோட வெளிச்சுவர் ஓரம் தேஞ்சிருக்கு, வடக்குப் பக்கம் சுத்தி வந்தா உள்சுவர் ஓரம், ஏன்னா கோபுரம் தெக்கால சாஞ்சிருக்கு, நம்மளைக் கேக்காமலே உடம்பு அந்தப் பக்கமா ஒதுங்குது. ஒரு அரைச்சுத்து லேசா இருக்கும், அடுத்த அரைச்சுத்து முட்டி கழண்டுரும். உச்சில 7 மணி தொங்குது, தெக்குப் பக்கம் போனப்ப கம்பியை விட மனசே வரல. பையெல்லாம் முன்னாடியே லாக்கர்ல வச்சிரணும், 8 வயசுக்குக் கீழ பசங்களை ஏத்த மாட்டாங்க.

சிவில்தம்பி:
அண்ணே சூப்பர், நானும் ஏறிருக்கேன், ஆனா நான் கவனிச்சது வேற. மணிக்கூண்டுக்கு ஏறுற இடத்துல வடக்குப் பக்கம் 4 படி, தெக்குப் பக்கம் 6 படி. அடுத்து போறவங்க எண்ணிப் பாருங்க. கட்டுனவங்க சாய்வை சரிக்கட்டப் பாத்த வேலை அது. 1173ல ஆரம்பிச்சது, அஸ்திவாரம் வெறும் 3 மீட்டர், மேல ஏத்துனது கிட்டத்தட்ட 14,500 டன், கீழ மெத்து மெத்துன்னு களிமண்ணும் வண்டலும், அப்புறம் சாயாம என்ன செய்யும். மூணு மாடி வந்தப்புறம் வேலை நின்னு போச்சு, ஊருக்கு ஓயாத சண்டை, கிட்டத்தட்ட நூறு வருஷம் அப்படியே கிடந்துச்சு. அதுதான் அதிர்ஷ்டம், அந்த எடையில களிமண்ணுல இருந்த தண்ணி மெதுவா வெளியேறி மண்ணு இறுகிடுச்சு, விடாம கட்டிருந்தா அப்பவே கவுந்திருக்கும். 1272ல மறுபடி ஆரம்பிச்சவங்க சாயுற பக்கம் உயரத்தைக் கூட்டிக் கூட்டிக் கட்ட, மொத்த கோபுரமும் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போச்சு. மணிக்கூண்டு முடிஞ்சது 1372 வாக்குல.

மஞ்சப்பை:
நான் ஏறல, தலைசுத்தல் பார்ட்டி. கீழ புல்வெளில உக்காந்து எல்லாரும் கையை நீட்டி கோபுரத்தைத் தாங்குற மாதிரி போஸ் குடுக்குறதை வேடிக்கை பாத்தேன், டிக்கெட் இல்லாத நல்ல ஷோ. நாங்க தங்குன வீட்டு அம்மா ஒரு கதை சொன்னாங்க, 90ல இருந்து பத்து வருஷத்துக்கு மேல மூடி வச்சிருந்தாங்களாம், வடக்குப் பக்கம் அசிங்கமா ஈயக்கட்டியை அடுக்கி வச்சிருந்தாங்களாம். நிஜமா தம்பி?

சிவில்தம்பி:
நிஜம்தான் அக்கா. 1989ல இத்தாலிலயே பாவியாங்கற ஊர்ல ஒரு பழைய கோபுரம் திடீர்னு இடிஞ்சு 4 பேர் செத்தாங்க, அந்த பயத்துல 1990 ஜனவரில இதை மூடிட்டாங்க. 93ல சாயாத வடக்குப் பக்கத்தை அழுத்திப் பிடிக்க ஈயம் 600 டன் வச்சாங்க, சாய்வு கொஞ்சம் அடங்குச்சு. அந்த அசிங்கத்தை எடுத்துட்டு பூமிக்குள்ள கேபிள் போட்டுக் கட்டலாம்னு 95ல தோண்டுறப்ப தண்ணி ஊறாம இருக்க திரவ நைட்ரஜன் விட்டு மண்ணை உறைய வச்சாங்க பாருங்க, ஒரு வருஷம் சாயுறது ஒரே ராத்திரில சாஞ்சிருச்சு! அவசர அவசரமா இன்னும் 300 டன் ஈயம். இதுக்கு முன்னாடியும் இதே கூத்துதான், 1838ல அடித்தூண் தெரியட்டும்னு சுத்தி பள்ளம் தோண்டுனாங்க, முசோலினி காலத்துல அஸ்திவாரத்துக்குள்ள சிமென்ட் ஏத்துனாங்க, ரெண்டு தடவையும் இன்னும்தான் சாஞ்சது. என்னைக் கேட்டா, சாய்வை விட சரிபண்ண வந்தவங்கதான் இதுக்கு பெரிய ஆபத்து.

ஊர்சுத்தி:
கடைசில எப்படித்தான் நிறுத்துனாங்க?

சிவில்தம்பி:
சாயுற பக்கம் கையே வைக்கல. எதிர்ப்பக்கம், வடக்குல, சாய்வாக் குழாய் இறக்கி கொஞ்சம் கொஞ்சமா மண்ணை உருவுனாங்க, மொத்தமே 38 கன மீட்டர்தான், அந்தப் பள்ளத்துல கோபுரம் தானா உக்காந்து உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல திரும்பி வந்துச்சு. அரை டிகிரி போதும்னு வேணும்னே நிறுத்திட்டாங்க, முழுசா நிமிந்தா யாரு டிக்கெட் வாங்குவா. 2001 டிசம்பர்ல தொறந்தாங்க.

டூர்பிளான்:
அடுத்த மாசம் போறேன், ஃப்ளாரன்ஸ்ல இருந்து ஒரே நாள்ல முடியுமா?

ஊர்சுத்தி:
தாராளமா, ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான். பைசா சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து இருபது நிமிஷம் போல நடை, சான் ரொசோரே ஸ்டேஷன்ல இறங்குனா இன்னும் பக்கம். நேரம் இருந்தா ஆத்தங்கரைக்குப் பக்கத்துல சான் நிக்கோலா மணிக்கூண்டையும் பாத்துட்டு வா, அதுவும் சாஞ்சுதான் நிக்குது, கூட்டம் இல்ல, காசு இல்ல.